மெத்தையைக் கிழித்த வருஷம்

(பம்பாய், கொலாபா, 1865)

எட்டுப் பேர் நெஞ்சு கொடுத்துச் சுற்றினால்
ஒரு பொதி இறுகும்.
மேலே இரும்புப் பட்டை.
பட்டைக்குக் கீழே நீல மையில் லிவர்பூல்.
எனக்கு வாசிக்கத் தெரியாது,
அந்த எழுத்தின் வளைவு மட்டும்
சொந்தத் தழும்பு போலப் பழக்கம்.

பருத்தி இவ்வளவு விலை போகுமென்று
பருத்திக்கே தெரியாது.
கல்பாதேவியில் மெத்தையைக் கிழித்து விற்றார்கள்.
வல்லப்தாஸ் சேட்டின் மாமியார் தலையணையும்
தராசுக்கு வந்தது, நரைமுடி ஒட்டியபடி.
நடுவில் ஈரமணல் வைத்து அமுக்கச் சொன்னார்கள்.
அமுக்கினோம்.
கடலைத் தூர்த்து நிலமாக்கப் போகிறார்களாம்.
இன்னும் அலையடித்துக் கிடந்த அந்த நிலத்தைக்
காகிதத்தில் வாங்கி, காகிதத்தில் விற்று,
மதியத்துக்குள் மறுபடி வாங்கினார்கள்.

ஏன் இந்த விலை என்று கேட்டேன்.
குமாஸ்தா எதல்ஜி மூக்குப்பொடியைத் தட்டியபடி சொன்னார்:
அமெரிக்கா என்றொரு தேசம்.
வடக்கும் தெற்கும் வெட்டிக்கொள்கின்றன.
எதற்கு?
ஆள் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று.
ஆள் என்றால்?
வாங்கி. விற்று. பிள்ளைகுட்டியோடு.
தெற்கத்தியான் பருத்தி துறைமுகத்தில் அடைபட்டுக் கிடக்கிறது,
அதனால்தான் உனக்கு எட்டணாக் கூலி.
போ, திருகைச் சுற்று.

எதல்ஜியிடம் நான் சொல்லவில்லை,
தாமிரபரணிக் கரையில் ஓர் ஓலை இருப்பதை.
இரண்டு மா நஞ்சை. ஒரு கிணறு.
கிணற்றடிப் புளி, அதன் காய்ப்பு.
அதற்கடுத்து என் தகப்பன்.
அதற்கடுத்து, இவன் வழியில் பிறப்பன.

கணக்குப்பிள்ளை உரக்க வாசித்தபோது
வரப்புக்குக் கீழே நின்று கேட்டேன்.
பிறப்பன.
கிடேரிக் கன்றுக்கு எழுதும் முடிவு அது.
எழுதியவர் இலக்கணம் பிசகாதவர்.
கும்பினியார் சட்டம் போட்டு
இனி அடிமையே இல்லையென்று சொல்லி
இருபது வருஷமாயிற்றாம்.
ஓலைக்கு யாரும் சொல்லவில்லை.
நானாகத்தான் கொச்சி வரை நடந்து
தோணி ஏறினேன்.

கொட்டை பொறுக்கும் பேராச்சி ஒருநாள் கேட்டாள்:
'அந்த ஊர்லயும் காய் வெடிச்சா
ஓடு விரலைக் கிழிக்குமா?'
கிழிக்கும் என்றேன்.
பார்த்தவன் போலச் சொன்னேன்.
அதற்குப் பிறகு அவள்
பஞ்சில் ரத்தத்துளி கண்டால்
யாருடையது என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் கப்பல் வந்தது.
கடைவீதி எழவு வீடானது.
சேட் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.
எதல்ஜி படிக்கட்டில் உட்கார்ந்து
பங்குக் காகிதங்களை ஒவ்வொன்றாய் நீவிக்கொண்டிருந்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியை நீவுவதுபோல்.
யார் செத்தது என்று கேட்டேன்.
யாரும் சாகவில்லை, என்றார்.
தெற்கு தோற்றுவிட்டது.
விட்டுவிட்டார்கள்.
நாற்பது லட்சம் பேர்.
சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அடக்க முடியாமல்
தரையில் கிடந்த பஞ்சை அள்ளி
வாயில் அடைத்துக்கொண்டேன்.
மணல் கடிபட்டது.
நாங்கள் வைத்த மணல்தான்.

எட்டணா நாலணா ஆயிற்று.
நாலணா, நாளைக்கு வா ஆயிற்று.
திருகில் ஒரு பூனை குட்டி போட்டது.
கடலும் கொஞ்சம் தூர்த்தபடியே நின்றுபோனது,
சேற்றில் நண்டுகள் ஓடின,
எந்த நண்டு யார் பங்கில் ஓடியதோ.

ஆடிக் கடைசியில் ஒருவன் வந்தான்,
வெள்ளைக் குடை, மெழுகு பூசிய மீசை.
மொரீசுத்தீவு. கரும்பு. ஐந்தே வருஷம்.
சாப்பாடு உண்டு, கம்பளி உண்டு.
காகிதத்தை விரித்து
என் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்தான்.

பேராச்சி எழுந்து வந்தாள்.
முந்தானையெல்லாம் பஞ்சு.
'வாசிக்கச் சொல்லு' என்றாள்.
'கடேசி வரி மட்டும்.
எந்த எழுத்துல முடியுதுன்னு கேட்டுட்டு
அப்புறம் விரல வை.'